வேடியப்பன் காலடிக் கோழி

எங்கள் ஊர் வேடியப்பன் காலடியில் ஒரு கோழி இருந்தது. அது கோழியே இல்லை என்று முதன்முதலில் சொன்னவள் மெட்ராசிலிருந்து வந்த ஓர் அக்கா. கோழிதான் என்று கடைசியில் சொன்னவளும் அவளேதான். எல்லாம் இரண்டே நாளில். அந்த இரண்டு நாளில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இப்போதும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் பிறந்தவர், அவருக்கு என்ன தெரியும்.

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடந்தால் எங்கள் ஊர். வீடுகள் முடிந்து சாமைக்கொல்லை தொடங்குகிற இடத்தில், புங்க மரத்தடியில் வேடியப்பன் சாமியின் கல் நின்றது. என் கழுத்து உயரம் இருக்கும். ஒரு கையில் வில்லும் ஒரு கையில் கத்தியுமாக ஓர் ஆள், தலையில் கொண்டை. எத்தனையோ வருசத்து எண்ணெயும் மஞ்சளும் கற்பூரப் புகையும் ஏறி, மூக்கு எது முழங்கை எது என்று சட்டென்று சொல்ல முடியாது. தலைக்கு மேலே வரி வரியாகக் கீறல்கள். வேடியப்பனோடு சண்டை போட்ட புலி நகத்தால் கீறியது என்று சொல்வார்கள். காலடியில், இடது பக்கம், உருண்டையாக ஓர் உடம்பு, அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டு ஒரு கழுத்து. அதுதான் கோழி. சாமியே கோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அதற்கு வேறு எதைக் கொடுப்பது? எங்கள் ஊரில் வேடியப்பனுக்கு நேர்ந்துகொண்டால் கோழிதான். ஆடு நேர்ந்துகொள்கிறவர்கள் வேறு சாமியைப் பார்த்துப் போவார்கள்.

அந்த வருசம் போக வேண்டியது என் கோழி.

எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. போன மழைக்காலத்தில் அம்மா ஒரு குஞ்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, இதற்கு நீ மட்டும்தான் தீனி போட வேண்டும், வேறு யார் கையும் படக் கூடாது என்றாள். தம்பிக்கு நாலு வயது. அவன் தொட்டால்கூட அம்மா அதட்டினாள். வீட்டில் எந்தப் பொருளும் எனக்கென்று தனியாக இருந்ததில்லை, தட்டுகூட இல்லை. ஆகவே எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடப் பொரிந்த குஞ்சுகளையெல்லாம் பருந்து தூக்கிப்போக, இது மட்டும் தப்பி வளர்ந்தது. கழுத்தில் ஒரு மயிர் கிடையாது. மொட்டைக்கழுத்தி என்று பேர் வைத்தேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் பாதி தூரம் எதிரே வந்து நிற்கும். சாமையை என் உள்ளங்கையிலிருந்து கொத்தித் தின்னும், ஒரு தரமும் வலித்ததில்லை.

பொங்கல் கழிந்த மறுவாரம் அம்மா அதன் காலில் மஞ்சள் நூல் கட்டினாள். தை கடைசிச் செவ்வாய்க்கு அது வேடியப்பன் கோழி என்றாள். யாருக்காக நேர்ந்தது என்று கேட்டேன். நூலின் முடிச்சை இறுக்கினாள். அப்படியானால் என்னிடம் ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். "கேக்காதடி" என்றாள். கத்தினேன், புரண்டேன், ஒரு வேளை சோற்றைத் தள்ளினேன். அம்மா அடிக்கவில்லை. சோற்றைத் தள்ளியதற்கு அடி வாங்காதது அதுதான் முதல் தடவை. அன்றைக்கும் விளக்கு வைத்தவுடன் பக்கத்தில் வந்து புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இது அவளுடைய தினசரிப் பழக்கம். விளக்கை ஏற்றுவாள், திரியைத் தூண்டுவாள், நேரே வந்து என் கழுத்தில் கை வைப்பாள். தம்பிக்கு இது கிடையாது. விளையாட்டில் பாதியில் வந்து தொடுவாள், நான் உடம்பை நெளித்துக்கொண்டு ஓடுவேன். இவளுக்கு என்ன வந்தது என்று எரிச்சல்படுவேன்.

அந்தச் செவ்வாய்க்கு ஐந்து நாள் இருக்கும்போது மெட்ராஸ் அக்கா வந்தாள். போளூர் பஸ்ஸில் வந்து, ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்து, தோளில் பை, கையில் அவள் உயரத்துக்கு ஒரு காகிதச் சுருள். கல்லூரியில் பெரிய படிப்பு படிக்கிறாளாம். சாமி சிலைகளில் எது எதற்காகச் செதுக்கியிருக்கிறது, அதன் பின்னால் என்ன கதை என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பாம். இதையெல்லாமா ஒரு படிப்பு என்று வைத்திருக்கிறார்கள் என்று ஊரே வாயைப் பிளந்தது. பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறையில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் கோழி, மீன் எதுவும் தொடாதவள் என்று தெரிந்ததும் அம்மா தனியாகக் களியும் கீரையும் செய்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். கோழி தின்னாதவள்! எனக்கு அவளை ஏன் பிடித்துப்போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேடியப்பனுக்குப் பூசை செய்கிறவர் என் பெரியப்பா. அக்கா நோட்டைத் திறந்துகொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். வில் ஏன் இடது கையில் இருக்கிறது, கொண்டை ஏன் பக்கவாட்டில் சரிந்திருக்கிறது, கோழி ஏன் இடது பக்கம், எல்லாமே ஏன், ஏன்.

"சாமியப் பாத்தா கும்புடுவாங்க. இந்தப் பொண்ணு இன்னா, கேள்வி கேக்குது" என்று பெரியப்பா சிரித்தார். ஆனால் கதை சொல்லச் சொன்னால் அவருக்குக் கசக்குமா? மாடு திருட வந்தவர்களைக் கோழி கூவிக் காட்டிக்கொடுத்தது, வேடியப்பன் துரத்திப் போய் மாட்டை மீட்டான், ஆனால் அம்பு பட்டுச் செத்தான், அதனால் கோழிக்கும் கல்லில் இடம் என்றார். என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அதெல்லாம் கிடையாது, அவன் வேட்டைக்காரன், புலியைப் பிடிக்கக் கோழியைக் கட்டி வைத்துக் காத்திருந்தான் என்றார். அம்மாவைக் கேட்டதற்கு, அவன் பெண்டாட்டி வளர்த்த கோழி அது, அவள் அழுதுகொண்டே கூட அனுப்பினாள் என்றாள். அக்கா மூன்றையும் எழுதிக்கொண்டாள். மூன்றில் எதுதான் நிசம் என்று நான் கேட்டேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும், அதுதான் வேலை என்றாள். எங்கள் வாத்தியாரிடம் ஒரு கணக்குக்கு மூன்று விடை எழுதிக்கொண்டு போனால் முதுகு பழுத்துவிடும். இந்தப் படிப்பு என்ன படிப்போ என்று குழம்பிப்போனேன்.

மேலே இருந்த புலிக் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு இது பழைய காலத்து எழுத்து என்றாள் அக்கா. ஊரில் யாரும் நம்பவில்லை. அப்புறம், கல்லைக் கழுவிக் காகிதத்தில் படியெடுக்க அனுமதி கேட்டாள். பெரியப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். தலைமுழுகிவிட்டு ஈரத்துணியோடு வர வேண்டும், இரும்பு எதுவும் படக் கூடாது, முடிந்ததும் எண்ணெய் மஞ்சள் தன் கையால்தான் சாத்த வேண்டும் என்று மூன்று கட்டளை போட்டார். தை மாதத்து மலைக்குளிரில் ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு, வெந்நீரும் சீயக்காய்த்தூளும் போட்டு அக்கா தேய்த்தாள். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நான். கறுப்புக் கறுப்பாக வழிந்து, கல்லின் சொந்த நிறம் தெரிய ஆரம்பித்தது. வேடியப்பனுக்கு மூக்கு வந்தது, இடுப்பில் பட்டை வந்தது. நனைத்த காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, துணிப்பொதியில் மை தொட்டு ஒற்றினாள். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பாக ஆள் எழும்பி வந்தான். கடைசியாகக் கோழி.

அக்கா வெகுநேரம் அதையே பார்த்தாள். காகிதத்தைப் பார்ப்பாள், கல்லைப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு, இது கோழி இல்ல. கண்ணு இருக்கா? காலு இருக்கா? இது மூக்கு வெச்ச குடுவை. கெண்டின்னு சொல்வாங்க" என்றாள்.

பார்த்தேன். ஐயோ, ஆமாம். கண் இல்லை, கால் இல்லை. உருண்டை உருண்டையாகவே இருந்தது, கழுத்து என்று நினைத்தது நீர் ஊற்றுகிற மூக்கு. குனிந்து பார்த்தால் வாயும் மூடியும்கூடத் தெரிந்தது.

"அப்போ சாமிக்குக் கோழி வாணாமாக்கா?"

அவள் மை துடைத்துக்கொண்டே சிரித்தாள். செத்துப்போன வீரனுக்குக் குடிக்கக் கள்ளோ தேனோ வைத்ததைச் செதுக்கியிருப்பார்கள் என்றாள். தேன்! எங்கள் மலையில் தேனுக்கா பஞ்சம்? ஒரு சுரைக்குடுக்கைத் தேனை வைத்துவிட்டால் போயிற்று. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், பெரியப்பாவிடம் போய் மூச்சு வாங்கச் சொன்னேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஊர் இரண்டு பட்டது. நேர்ந்துகொண்டு கோழியைப் பிரிய மனசில்லாமல் இருந்தவர்கள், படித்த பொண்ணு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். மாமாவுக்கு ஒரே குஷி. அது கள்ளுக் குடுவைதான் என்று அப்போதே சொன்னேனே என்று தொடையைத் தட்டினார். அவர் எப்போதும் சொன்னதில்லை, புலிக்குக் கட்டி வைத்த கோழி என்றுதான் சொல்லியிருந்தார். பெரியப்பா மட்டும் கல்லின் எதிரே போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இத்தினி வருசமா சாமி கேக்காததயா குடுத்துகினு இருந்தோம்?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டார்.

என் கோழி பிழைத்தது என்று நான் வீட்டைச் சுற்றிக் குதிக்கிறேன், அம்மா அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு எரிந்துபோன விறகையே பார்க்கிறாள். விளக்கு வைக்கும்போது வந்து கழுத்தைத் தொட்டாள். போனாள். திரும்ப வந்து தொட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரமும் தொட்டாள். மூன்றாவது தடவை கையைத் தட்டிவிட்டேன். அவள் அடுப்படிக்கே திரும்பிப் போனாள். ஒரு கோழிக்குழம்பு போகிறதே என்றா இவ்வளவு வருத்தம் என்று எனக்கு அவள்மேல் ஒரு வெறுப்பே வந்துவிட்டது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் களி கொண்டுபோனபோது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அம்மாவும் அக்காவும் நின்றார்கள். அம்மா ஏதோ சொல்லிச் சொல்லிக் கும்பிட்டாள். அக்கா நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தவள், திடீரென்று எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினாள். ஊரில் யார் வாயைத் திறந்தாலும் எழுதுகிறவள் அம்மா பேசியதை மட்டும் பாதியில் விட்டுவிட்டாள். பிறகு திரும்பி, மூலையில் நின்ற என்னைப் பார்த்தாள். என் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நான் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் பார்த்தாள்.

மத்தியானம் பெரியப்பா ஊரைக் கல்லின் முன்னால் கூட்டினார். மறுநாள் பூசை, முடிவு தெரிந்தாக வேண்டும். மொட்டைக்கழுத்தியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் முன்வரிசையில் நின்றேன். ஜெயிக்கப் போகிறவள் அல்லவா!

"இன்னாங்கம்மா, நீங்க படிச்சவங்க. நல்லா பாத்துச் சொல்லுங்க. சாமி காலாண்ட இருக்கிறது கோழியா, குடுவையா?"

அக்கா கல்லிடம் போய்க் குனிந்து தடவினாள். எனக்கு அவள் கை மட்டும் தெரிந்தது. நிமிர்ந்தாள்.

"கோழிதாங்க. நான்தான் சரியா பாக்கல. மழையில கண்ணும் காலும் தேஞ்சு போயிருக்கு."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. "பொய்! பொய் சொல்றா! எங்கிட்ட குடுவன்னு சொன்னா! கண்ணு இல்ல, காலு இல்லன்னு இவதான் காட்டினா!" என்று கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். நான் அவர் கையைக் கடித்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். அம்மா அக்காவின் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். பொய் சொன்னவளுக்கு மரியாதை, நிசம் சொன்னவளுக்கு வாயைப் பொத்தல். மாமா மட்டும் என்னைப் போலவே முகம் தொங்கி நின்றார். அவர் விசனம் வேறு.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு இப்போதும் மனசில்லை. அதை என் கையிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். கொடுக்க மாட்டேன் என்றேன். அம்மா என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மொட்டைக்கழுத்தி என் கையை விட்டுப் போகும்போதுகூடக் கொத்தவில்லை. முடிந்ததும் பெரியப்பா எத்தனையோ பேர் நிற்க, என்னைத்தான் முதலில் கூப்பிட்டு நெற்றியில் பொட்டு வைத்தார். வீட்டில் சமைத்து, ஈரலை எடுத்து முதல் வாய் நான்தான் தின்ன வேண்டும் என்றாள் அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு வாயி. எஞ்சாமி இல்ல, துன்னுடி" என்று கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் அழுதுகொண்டே கன்னத்தை அழுத்தித் திணித்தாள். என் கோழியைக் கொன்று என் வாயிலேயே ஊட்டிவிட்டு இவள் எதற்கு அழ வேண்டும்? அழ வேண்டியவள் நானல்லவா? துப்பிவிடலாம் என்று பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

அக்கா புதன்கிழமை போனாள். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். நான் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பென்சிலை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதை நான் தொடவில்லை, தம்பி சீவியே தீர்த்தான். அவள் படிப்பில் கெண்டி என்று எழுதினாளா கோழி என்று எழுதினாளா, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

எனக்கு மற்றது தெரிய வந்தபோது என் மடியில் என் பெண் கிடந்தாள். முதல் காய்ச்சல். நான் பயந்து அழுததைப் பார்த்து அம்மா வாயைத் திறந்தாள். எனக்கு ஐந்து வயதில் விசக்காய்ச்சல் வந்து இழுப்புக் கண்டதாம். அப்பாவும் மாமாவும் கம்பளியில் தூளி கட்டி மலையிறக்கிப் போளூருக்குத் தூக்கிப் போனார்களாம். பச்சைப்பிள்ளையாக இருந்த தம்பியோடு வீட்டில் தங்கிவிட்ட அம்மா, அவனை ஒரு தோளில் போட்டுக்கொண்டு ஓடிப் போய், வேடியப்பன் காலடிக் கோழியை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, இதற்கு ஈடாக ஒரு கோழி, என் பெண்ணை விடு, மூன்று சாமை அறுப்பு தாண்டி அவள் ஓடியாடித் திரிந்தால் அவள் கையால் வளர்த்ததையே கொண்டுவந்து தருகிறேன் என்றாளாம். யாருக்காக நேர்ந்ததோ அவர்கள் காதில் அது விழக் கூடாது, விழுந்தால் பலிக்காது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. அதனால்தான் என்னிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அக்காவிடம் அவள் கேட்டது இதுதான்:

"அது கோழி இல்லன்னா, அன்னைக்கு நான் இன்னாத்தத் தொட்டுச் சொன்னேன்? எம்பொண்ண யாரு வுட்டது? இப்ப திரும்பக் கேட்டா நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க."

அக்கா என்னை அவ்வளவு நேரம் ஏன் பார்த்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு அப்போது என்ன, இருபத்திரண்டு வயது இருக்குமா?

ஆனால் எட்டு வயதில், அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஈரல் நெஞ்சில் நிற்பது மாதிரியே இருந்தது. வாசலில் காலியாகக் கவிழ்ந்து கிடந்த கோழிக்கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவோடு இனி பேசுவதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டேன். இருட்டுகிற நேரம் உள்ளே அவள் விளக்கை ஏற்றினாள். திரியைத் தூண்டினாள். இப்போது வருவாள், கழுத்தைத் தொடுவாள், வெடுக்கென்று தட்டிவிட வேண்டும் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போய்க் காய வைத்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு, அப்படியே உள்ளே போய்விட்டாள். படுக்கிற வரைக்கும் காத்திருந்தேன். அவள் தொடவே இல்லை. மறுநாளும் தொடவில்லை, அதற்கு அடுத்த நாளும் தொடவில்லை. நான் போட்ட கூச்சலுக்கு அம்மாவுக்கு என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.